பாட்டால் எழுந்த நாடு

பேரரசுகள் சிதைந்த வரலாற்றைப் படிக்கும்பொழுது நம் பார்வை பெரும்பாலும் தலைநகரத்தின்மீதே நிலைத்துவிடுகிறது. அரியணையில் யார் அமர்ந்தார், யார் இறங்கினார், எந்த ஆணையில் யார் கையொப்பமிட்டார் என்பனவற்றையே நூல்கள் விரித்துரைக்கின்றன. 1991-ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்ததைப் பற்றிப் பேசுவோரும் மாஸ்கோவைப் பற்றியும், கோர்பச்சேவ், யெல்ட்சின் ஆகிய இருவரைப் பற்றியுமே மிகுதியாகப் பேசுவர். அது தவறன்று. எனினும், ஒரு பெருமரம் சாய்வதற்கு முன் அதன் வேர்கள் மண்ணுக்குள் எவ்விடத்தில் முதலில் அசைந்தன என்று ஆராய்வதும் அறிவுடைமையாகும். அவ்வாறு முதலில் அசைந்த இடங்களுள் ஒன்று, பால்டிக் கடலோரத்திலே அமைந்த எஸ்தோனியா என்னும் சிறுநாடு. 1987 முதல் 1991 வரை அந்நாட்டில் நிகழ்ந்த மாற்றத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே, இரண்டு கேள்விகளை மனத்தில் இருத்திக்கொண்டு இவ்வரலாற்றைக் கேளுங்கள். படைவலியும் பணவலியும் இல்லாத ஒரு சிறு மக்களினம், உலகின் இரு வல்லரசுகளுள் ஒன்றிடமிருந்து, தன் மண்ணிலே குருதி சிந்தாமல் விடுதலை பெற்றது எவ்வாறு? இது முதற்கேள்வி. அவ்வாறு கிடைத்த விடுதலை, அந்நாட்டில் வாழ்ந்த எல்லாருக்கும் ஒரே பொருளுடையதாய் இருந்ததா? இது இரண்டாவது கேள்வி. முதற்கேள்விக்கு விடை காண்பது மகிழ்ச்சி தருவது. இரண்டாவது கேள்வி நம்மைச் சற்று நிறுத்திச் சிந்திக்க வைப்பது.

எஸ்தோனியாவின் பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர். 1989-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 15 லட்சத்து 65 ஆயிரம் பேர். அவர்களுடைய மொழி, பின்லாந்து மொழிக்கு நெருங்கிய உறவுடையது. ருஷிய மொழியோடோ ஜெர்மன் மொழியோடோ குடும்ப உறவு இல்லாதது. பல நூற்றாண்டுகள் அயலாரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இம்மக்கள், 1918-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் தங்கள் நாட்டைத் தனிக் குடியரசாக அறிவித்தனர். 1920-இல் தார்த்து நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே சோவியத் ருஷியா அக்குடியரசை ஏற்றுக்கொண்டது. அந்த விடுதலை இருபது ஆண்டுகளே நிலைத்தது.

1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் ஸ்டாலினின் ஆட்சியும் ஹிட்லரின் ஆட்சியும் போர் தொடுக்கா உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. கையொப்பமிட்ட இரு அமைச்சர்களின் பெயரால் அதனை மோலொட்டோவ்–ரிப்பன்ட்ராப் உடன்படிக்கை என்பர். அதனோடு இரகசிய இணைப்பு ஒன்றும் இருந்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளை இருவரும் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட ஏடு அது. அதன்படி எஸ்தோனியா சோவியத்தின் பங்கில் விழுந்தது. 1940 ஜூன் மாதத்தில் சோவியத் படைகள் நாட்டைக் கைக்கொண்டன. ஆகஸ்டு மாதத்தில் எஸ்தோனியா ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. பின்னர் ஜெர்மானியர் வந்தனர். 1944-இல் மீண்டும் சோவியத் ஆட்சி வந்தது. 1949 மார்ச்சு மாதத்தில், ஒரு சில நாட்களுக்குள் 20,000-க்கும் மேற்பட்ட எஸ்தோனியர் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டுச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும் முதியோர்களுமே. ஊரிலே எஞ்சிய உழவர்கள் அஞ்சித் தம் நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளில் சேர்த்துவிட்டனர்.

இதன் பின்னர் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. நாட்டின் வடகிழக்கே பூமிக்கடியில் எரியெண்ணெய் தரும் பாறைகள் உண்டு. அவற்றை வெட்டியெடுக்கவும், புதிய ஆலைகளில் உழைக்கவும், ஒன்றியத்தின் பிற பகுதிகளிலிருந்து தொழிலாளர் பெருந்திரளாய் வந்து குடியேறினர். 1934-இல் நாட்டு மக்களில் நூற்றுக்கு 88 பேர் எஸ்தோனியர். 1989-இல் நூற்றுக்கு 61 பேரே எஸ்தோனியர். ருஷியர் மட்டும் நூற்றுக்கு 30 பேர் ஆயினர். எல்லைப்புற நகரமான நார்வாவில் எஸ்தோனிய மொழி பேசுவோரைக் காண்பதே அரிதாயிற்று. ஆலைகளின் பெரும்பகுதி தாலின் நகரிலுள்ள குடியரசு அரசாங்கத்தின் கீழ் இல்லை. மாஸ்கோவிலிருந்த அமைச்சகங்களின் கீழ் இருந்தது. எந்த ஊரில் எந்த ஆலை எழும், அதற்கு எத்தனை பேர் வருவர் என்பதை அவ்வூரார் முடிவு செய்யவில்லை. தம் சொந்த மண்ணிலேயே நாம் சிறுபான்மையினர் ஆகிவிடுவோமோ என்ற அச்சம் எஸ்தோனியரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அந்த அச்சத்தை வெளிப்படச் சொல்ல மட்டும் எவருக்கும் வாயில்லை.

1985-இல் கோர்பச்சேவ் பொதுவுடைமைக் கட்சியின் தலைமைச் செயலாளர் ஆனார். தேங்கிப்போன பொருளாதாரத்தைச் சீர்செய்ய விரும்பிய அவர் இரண்டு கொள்கைகளை முன்வைத்தார். ஒன்று பெரஸ்த்ரோய்கா, மறுசீரமைப்பு என்பது அதன் பொருள். மற்றொன்று கிளாஸ்னாஸ்த், ஒளிவுமறைவின்றிப் பேசுதல் என்று அதனைக் கூறலாம். ஒன்றியத்தைக் கலைப்பது அவர் நோக்கமன்று; அதனை வலுப்படுத்தவே அவர் விரும்பினார். ஆயினும் மூடிய கதவைச் சற்றே திறந்தவுடன், உள்ளே நெடுநாள் அடைபட்டிருந்த காற்று எந்தத் திசையில் வீசும் என்பதைக் கதவைத் திறந்தவரால் கட்டளையிட இயலவில்லை.

எஸ்தோனியர் அத்திறப்பைப் பயன்படுத்திய முறை கூர்ந்து நோக்கத்தக்கது. எடுத்த எடுப்பில் அவர்கள் விடுதலை என்னும் சொல்லை உச்சரிக்கவில்லை. முதலில் மண்ணைப் பற்றிப் பேசினர், அடுத்து நினைவைப் பற்றிப் பேசினர், பின்னர்ப் பாடினர், அதன் பின்னரே சட்டம் இயற்றினர். ஒவ்வொரு படியிலும், ஆட்சியாளர் எளிதில் மறுக்க இயலாத ஒரு நியாயம் அவர்கள் கையில் இருந்தது.

மண்ணைப் பற்றிய பேச்சு 1987 பிப்ரவரியில் தொடங்கியது. உரம் செய்வதற்குப் பயன்படும் பாஸ்பரைட் என்னும் கனிமம் வீரு மாவட்டப் பகுதியில் மிகுதியாக உண்டு. அதனை வெட்டியெடுக்க மாஸ்கோவிலுள்ள உரத்துறை அமைச்சகம் திட்டமிட்டிருந்த செய்தி, எஸ்தோனியத் தொலைக்காட்சியின் வழியே வெளிப்பட்டது. அப்பகுதிக்கு அருகேயுள்ள பண்டிவெரே மேட்டு நிலத்தில்தான் அந்நாட்டின் ஆறுகள் பல பிறக்கின்றன. அந்நிலம் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையால் ஆனது. ஓரிடத்தில் நஞ்சு கலந்தால் நிலத்தடி நீர் நெடுந்தொலைவு கெட்டுவிடும். அத்துடன், சுரங்கம் வந்தால் மேலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியிலிருந்து வந்து சேரும் என்பதையும் மக்கள் அறிந்திருந்தனர். நீரைக் காக்க வேண்டும் என்ற பேச்சினுள் இனத்தைக் காக்க வேண்டும் என்ற கவலையும் அடங்கியிருந்தது.

அறிவியலாளர் கட்டுரை எழுதினர். தார்த்துப் பல்கலைக்கழக மாணவர்கள் மே தின ஊர்வலத்திலேயே சுரங்கத்துக்கு எதிரான வாசகங்களை ஏந்திச் சென்றனர். அலோ மாத்தீசன் என்னும் இளம் இசையமைப்பாளர் ஒரு பாட்டுக்கு இசையமைத்தார். ‘எந்த நிலமும் தனித்தன்று’ என்பது அதன் தலைப்பின் பொருள். மாவட்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி, ஒரு மாவட்டத்துக்கு வரும் கேடு மற்றவற்றுக்கும் உரியதே என்று உணர்த்திய அப்பாட்டு நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் சுரங்கத் திட்டம் கைவிடப்பட்டது. மாஸ்கோ வகுத்த ஒரு திட்டத்தை உள்ளூர் மக்கள் மறுத்துரைத்தனர், மறுத்தவர்கள் சைபீரியாவுக்கு அனுப்பப்படவில்லை, திட்டமும் நின்றது. இந்த ஓர் அனுபவம், நூறு துண்டறிக்கைகள் தர இயலாத துணிவை மக்களுக்குத் தந்தது.

அடுத்தது நினைவு. 1987 ஆகஸ்டு 23-ஆம் நாள், தாலின் நகரின் ஹிர்வே பூங்காவில் ஈராயிரம் பேருக்கு மேல் கூடினர். 1939-ஆம் ஆண்டின் இரகசிய இணைப்பை வெளியிடுக என்பதே அவர்களுடைய கோரிக்கை. சோவியத் அரசு அப்படி ஓர் ஏடே இல்லை என்று அதுநாள்வரை சாதித்து வந்தது. ஆட்சியை மாற்றுக என்று கேட்டிருந்தால் காவலர் தடியெடுத்திருப்பர். உண்மையைச் சொல்லுக என்று கேட்பவர்களை, ஒளிவுமறைவின்மையைப் போற்றும் ஓர் அரசு எங்ஙனம் தண்டிக்கும்? கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் பின்னர் பல தொல்லைகளுக்கு ஆளாயினர் என்றாலும், கூட்டம் கலைக்கப்படாமலே முடிந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் எஸ்தோனிய மரபுரிமைச் சங்கம் தோன்றிற்று. பழைய கல்லறைகளைச் சீர்செய்வதும், இடிக்கப்பட்ட நினைவுச் சின்னங்களை மீண்டும் நிறுத்துவதும் அதன் பணிகள். 1988 ஏப்ரலில் தார்த்து நகரில் அச்சங்கம் நடத்திய விழாவில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பழைய குடியரசின் கொடி நீலம், கருமை, வெண்மை ஆகிய மூன்று நிறங்கள் கொண்டது. அதை ஏற்றுதல் குற்றம். விழாவினர் மூன்று நிறங்களையும் மூன்று தனித்தனித் துணிகளாக ஏந்தி வந்தனர். தனித்தனியே பார்த்தால் அவை வெறுந்துணிகள். சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அது கொடி. சில வாரங்களில் துணிகள் ஒன்றாகிவிட்டன. எங்கும் மூவண்ணக்கொடி பறந்தது.

இந்த ஏப்ரல் மாதத்திலேயே பிறிதொன்றும் நிகழ்ந்தது. 13-ஆம் நாள் இரவு, தொலைக்காட்சியில் நேரடியாக ஒலிபரப்பான ஓர் உரையாடலில் எட்கர் சவிசார் என்னும் பொருளியல் அறிஞர், மறுசீரமைப்புக்குத் துணைநிற்க ஒரு மக்கள் முன்னணியை அமைக்கலாம் என்று கூறினார். ஏற்கெனவே 1987 செப்டம்பரில் அவரும் வேறு மூவரும் சேர்ந்து, எஸ்தோனியப் பொருளாதாரம் தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்ற திட்டத்தைச் செய்தித்தாள் ஒன்றில் வெளியிட்டிருந்தனர். அத்திட்டத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தால் எஸ்தோனிய மொழியில் ‘வியப்பு’ என்று பொருள்படும் சொல் வரும். மக்கள் முன்னணி சில மாதங்களில் நாட்டின் மிகப் பெரிய இயக்கமாய் வளர்ந்தது. கோர்பச்சேவின் கொள்கைக்கு ஆதரவு என்ற பெயரோடு அது பிறந்தமையால், கட்சியினரும் அதில் சேரத் தயங்கவில்லை.

இனிப் பாட்டைப் பற்றிக் கூற வேண்டும். எஸ்தோனியர் பாடுவதைப் பொழுதுபோக்காக மட்டும் கொண்டவர்கள் அல்லர். 1869-இல் தார்த்து நகரில் அவர்களுடைய முதலாவது பாட்டு விழா நடைபெற்றது. ஊர்தோறும் பாடற்குழுக்கள் அமைந்தன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் ஒன்றுகூடி ஒரே குரலாய்ப் பாடுவது அவர்களது மரபாயிற்று. சோவியத் ஆட்சியும் அவ்விழாவை நிறுத்தவில்லை. ஆட்சியைப் புகழும் பாட்டுகளை அதில் சேர்த்தது. ஆனால் லிடியா கோய்டுலா என்னும் பெண்பாற்புலவர் முந்திய நூற்றாண்டில் இயற்றிய நாட்டுப்பற்றுக் கவிதை ஒன்றுக்குக் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இசையமைத்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத அப்பாட்டை, 1960-ஆம் ஆண்டு விழாவின் முடிவில் மக்கள் தாமே பாடத் தொடங்கினர். ஆட்சியாளர் தடுக்க இயலவில்லை. நாட்டுப்பண் இழந்த மக்களுக்கு அதுவே நாட்டுப்பண் போல் ஆயிற்று.

1988 ஜூன் மாதத்தில் தாலின் நகரின் பழம்பகுதியில் விழா நடந்தது. வட நாடுகளில் அம்மாதத்தில் இரவு மிகக் குறுகியது; வானம் முற்றும் இருள்வதில்லை. விழா முடிந்தும் வீடு திரும்ப மனமில்லாத இளைஞர்கள் பாட்டு விழாத் திடலுக்குச் சென்று விடியும் வரை பாடினர். மறுநாள் கூட்டம் பெருகிற்று. தொடர்ந்து பல இரவுகள் பல்லாயிரம் பேர் கூடிக் கைகோத்துப் பாடினர். ஓவியர் ஹைன்ஸ் வால்க் இதைக் கண்டு எழுதிய கட்டுரைக்குப் ‘பாடும் புரட்சி’ என்று தலைப்பிட்டார். அப்பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது. அந்த ஜூன் மாதத்திலேயே, மாற்றத்தை விரும்பாத கட்சித் தலைவர் கார்ல் வைனோ நீக்கப்பட்டு, வைனோ வால்யாஸ் அப்பொறுப்புக்கு வந்தார். செப்டம்பர் 11-ஆம் நாள் அதே திடலில் மக்கள் முன்னணி கூட்டிய பெருவிழாவில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் திரண்டனர் என்று மதிப்பிடப்பட்டது. பத்து லட்சத்துக்கும் குறைவான எஸ்தோனியர் வாழ்ந்த ஒரு நாட்டில் இத்தொகையின் பொருளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பாட்டு ஆட்சியை மாற்றிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். பாட்டு மட்டும் மாற்றிவிடாது. ஆனால் அடக்குமுறையின் வலிமை பெரும்பாலும் தனிமையில் இருக்கிறது. என் மனத்தில் உள்ளது என் அண்டை வீட்டாருக்கும் உண்டோ என்று அறியாமல் ஒவ்வொருவரும் அஞ்சியிருக்கும் வரையில் ஆட்சிக்கு ஆபத்தில்லை. மூன்று லட்சம் பேர் ஒரே அடியை ஒரே மூச்சில் பாடும்பொழுது அந்த ஐயம் நீங்கிவிடுகிறது. பாடுவோரைச் சுடுவதற்கு எந்தப் படைத்தலைவனுக்கும் காரணம் சொல்வது கடினம். பாட்டு மக்களைச் சேர்த்தது. சேர்ந்த மக்களின் வலிமையைச் சட்டமாக்கும் பணி மன்றத்தில் நடைபெற்றது.

1988 நவம்பர் 16-ஆம் நாள் எஸ்தோனியக் குடியரசின் உச்ச சோவியத் இறையாண்மைப் பிரகடனம் ஒன்றை நிறைவேற்றியது. ஒன்றியத்தின் சட்டங்களைவிட எஸ்தோனியாவின் சட்டங்களே அம்மண்ணில் மேலானவை என்பது அதன் சாரம். பதினைந்து குடியரசுகளுள் இவ்வாறு முதன்முதலாக அறிவித்தது எஸ்தோனியாவே. மாஸ்கோ அதைச் செல்லாது என்றது. எஸ்தோனியர் அதைத் திரும்பப் பெறவில்லை. சில ஆண்டுகளுக்குள் ஏனைய குடியரசுகள் ஒன்றன்பின் ஒன்றாய் இதே வழியில் சென்றன. 1990 ஜூன் மாதத்தில் ருஷியக் குடியரசே தன் இறையாண்மையை அறிவித்தது. 1989 ஜனவரியில் எஸ்தோனிய மொழி அரசு மொழியாக்கப்பட்டது. பிப்ரவரி 24-ஆம் நாள் தாலின் கோட்டையின் பிக் ஹெர்மன் கோபுரத்தில் மூவண்ணக்கொடி ஏறியது.

1989 ஆகஸ்டு 23-ஆம் நாள், அந்த இரகசிய உடன்படிக்கைக்கு ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. அன்று மாலை, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாட்டு மக்களும் தாலினில் தொடங்கி ரீகா வழியாக வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கும் நீண்ட ஒரு மனிதச் சங்கிலியாய் நின்றனர். ஏறத்தாழ இருபது லட்சம் பேர் அதில் கலந்துகொண்டனர் என்பர். எந்த வளைவில் ஆட்கள் குறைகின்றனர், எந்தச் சாலையில் நெரிசல் என்பவற்றை அறிவித்து அத்திரளை ஒழுங்குபடுத்தியது வானொலியே. அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவை, இரகசிய இணைப்பு இருந்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டு அதனைக் கண்டித்தது. ஹிர்வே பூங்காவில் ஈராயிரம் பேர் கேட்ட கேள்விக்கு இரண்டே ஆண்டுகளில் மாஸ்கோவிலிருந்து விடை வந்துவிட்டது. அந்த விடைக்குப் பிறகு, எஸ்தோனியா தானே விரும்பி ஒன்றியத்தில் சேர்ந்தது என்று சொல்ல வழியில்லாது போயிற்று.

இங்கே நாம் நம் இரண்டாவது கேள்விக்கு வந்து சேர்கிறோம். நான் இதுவரை மக்கள், மக்கள் என்று சொல்லிவந்தேன். நாட்டில் வாழ்ந்தோரில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் எஸ்தோனியர் அல்லர் என்பதை மறத்தலாகாது. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைக்க வந்து, அங்கேயே மணம் செய்து, பிள்ளை பெற்று, அங்கேயே பெற்றோரைப் புதைத்தவர்கள் அவர்கள். தம்மை அனுப்பிய திட்டத்தை அவர்கள் வகுக்கவில்லை; அயல்நாட்டில் குடியேறியதாகவும் அவர்கள் கருதவில்லை. ஒரே நாட்டின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குப் பெயர்ந்ததாகவே அவர்கள் எண்ணினர். மூவண்ணக்கொடி ஏறிய நாளில் எஸ்தோனியர் கண்ணில் நீர் துளும்பியது. அவர்களுட் பலருக்கோ, காலடியில் நிலம் நழுவுவதுபோல் இருந்தது. ஒன்றிய ஆலைகளின் நிருவாகிகள் முன்னின்று 1988-இல் ‘இன்டர் இயக்கம்’ என்னும் எதிரியக்கத்தைத் தோற்றுவித்தனர். 1989 ஆகஸ்டில் ருஷியத் தொழிலாளர் பல ஆலைகளில் வேலைநிறுத்தம் செய்தனர். வாக்குரிமை பெற இத்தனை ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்ற புதிய விதியே அதற்குக் காரணம்.

எஸ்தோனியருக்குள்ளும் கருத்து வேற்றுமை இருந்தது. நாட்டில் வாழ்வோர் அனைவரும் வாக்களிக்கும் உச்ச மன்றத்தின் வழியே படிப்படியாக விடுதலை பெறலாம் என்றது மக்கள் முன்னணி. 1940-க்கு முந்திய குடியரசின் குடிகளும் அவர்தம் வழியினருமே நாட்டின் விதியை முடிவு செய்ய உரியவர்கள் என்றன குடிமக்கள் குழுக்கள். அக்குழுக்கள் ஊர்தோறும் பெயர்ப் பதிவு நடத்தி, 1990 பிப்ரவரியில் தாமே ஒரு தேர்தலையும் நடத்தி, எஸ்தோனியப் பேராயம் என்ற அவையை அமைத்தன. அத்தேர்தலில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். அடுத்த மாதமே உச்ச மன்றத்துக்கும் தேர்தல் நடந்தது. ஒரே நாட்டில் இரண்டு அவைகள். வேறு நாடாயின் இஃது உள்நாட்டுப் போராய் முடிந்திருக்கலாம். இங்கு அது வாக்குவாதத்தோடு நின்றது.

1990 மே 15-ஆம் நாள் அந்தப் பொறுமை சோதனைக்கு உள்ளாயிற்று. மக்கள் முன்னணியின் சவிசார் அப்பொழுது பிரதமர். இன்டர் இயக்கத்தினர் பல்லாயிரவர் தூம்பெயா குன்றின்மீதுள்ள அரசு மாளிகையின் முன் திரண்டு, வாயிற்கதவைத் தகர்த்து முற்றத்தினுள் புகுந்தனர். சவிசார் வானொலி வழியே நாட்டு மக்களை உதவிக்கு அழைத்தார். வேலையை விட்டும் வீட்டை விட்டும் ஆயிரக்கணக்கான எஸ்தோனியர் குன்றை நோக்கி ஓடி வந்து மாளிகையைச் சூழ்ந்தனர். உள்ளே புகுந்தவர்கள் இப்போது சூழப்பட்டவர்கள் ஆயினர். அந்த வேளையில் ஒரு கல் பறந்திருந்தால் வரலாறு வேறு வழியிற் சென்றிருக்கும். வந்தவர்கள் இரு புறமும் விலகி நடுவே ஒரு வழிவிட்டனர். அவ்வழியே எதிர்ப்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராய் வெளியேறிச் சென்றனர். அவர்கள்மேல் அடி விழவில்லை. பாட்டு விழாக்களிலும் சிறந்த செயலாக நான் இதனைக் கருதுகிறேன். தம்மவரோடு சேர்ந்து பாடுதல் எளிது. சினம் பொங்கும் வேளையில் எதிராளிக்கு வழிவிடுதல் அரிது.

1991 ஜனவரி 13-ஆம் நாள் வில்னியஸ் நகரில் சோவியத் படைகள் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தாக்கியபோது 14 பேர் உயிரிழந்தனர். தாலினில் மக்கள் தூம்பெயா குன்றுக்குச் செல்லும் பாதைகளைப் பெரும் பாறைகளால் அடைத்தனர். மார்ச்சு 3-ஆம் நாள் பொதுவாக்கெடுப்பு நடைபெற்றது; நாட்டில் வாழ்ந்தோர் அனைவருக்கும் அதில் வாக்குரிமை அளிக்கப்பட்டது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 77 பேருக்கு மேல் விடுதலைக்கு இசைந்தனர். எஸ்தோனியரின் விழுக்காட்டை நோக்கும்பொழுது, ருஷிய மொழி பேசுவோரில் ஒரு பகுதியினரும் இசைந்திருந்தாலன்றி இத்தொகை வந்திராது.

ஆகஸ்டு 19-ஆம் நாள் மாஸ்கோவில் கோர்பச்சேவுக்கு எதிரான ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தொடங்கியது. கவச வண்டிகள் தாலினை நோக்கி விரைந்தன. 20-ஆம் நாள் இரவு பதினொரு மணிக்குச் சற்றுப் பின்னர், உச்ச மன்றத்தின் உறுப்பினர் 69 பேர் வாக்களித்து எஸ்தோனியாவின் முழு விடுதலையை உறுதி செய்தனர். இரண்டு அவைகளும் அன்று பகல் முழுதும் பேசி ஓர் இணக்கத்துக்கு வந்திருந்தன. அரசியலமைப்பை இரு தரப்பாரும் சம எண்ணிக்கையில் அமர்ந்து வகுப்பது என்பது அந்த இணக்கம். மறுநாள் காலை படைவீரர் தொலைக்காட்சிக் கோபுரத்தின் கீழ்த்தளங்களைக் கைப்பற்றினர். உச்சியில் இருந்த ஒரு சிலர், மின்தூக்கியின் கதவிடுக்கில் ஒரு தீப்பெட்டியைச் செருகி அதை நகரவிடாமல் நிறுத்தி, ஒலிபரப்பு அற்றுப்போகாமல் காத்தனர். அதற்குள் மாஸ்கோவில் கவிழ்ப்பு முயற்சி தோற்றுவிட்டது. செப்டம்பர் 6-ஆம் நாள் சோவியத் ஒன்றியமே எஸ்தோனியாவின் விடுதலையை ஏற்றுக்கொண்டது. அம்மாதம் 17-ஆம் நாள் அந்நாடு ஐக்கிய நாடுகள் சபையில் இடம் பெற்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது விழாக்கதை. வரலாறு அங்கு நிற்பதில்லை. 1992-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபொழுது, பழைய குடியரசின் குடிகளும் அவர்தம் வழியினரும் தாமே குடிமக்களாயினர். பின்னர்க் குடியேறியவர்கள் மொழித் தேர்வெழுதி விண்ணப்பித்துப் பெற வேண்டியவர்களாயினர். அவ்வாண்டில் நாட்டில் வாழ்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எந்நாட்டுக் குடியுரிமையும் உறுதியாகாத நிலையில் இருந்தனர். 1991-இல் விடுதலைக்கு வாக்களித்தவர் சிலர், 1992-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலவில்லை. எஸ்தோனியரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று: சட்டத்துக்கு மாறாகப் பறிக்கப்பட்ட நாட்டை மீட்கும்பொழுது, பறித்த காலத்தில் நிகழ்ந்த குடியேற்றத்தை அப்படியே ஏற்கக் கடமை இல்லை என்றனர். குடியேறியோரின் வாதமும் அவ்வாறே: அரசு செய்த தவற்றுக்கு, அங்கு பிறந்து வளர்ந்த குழந்தை ஏன் விலை கொடுக்க வேண்டும் என்றனர்.

1993 ஜூலையில் நார்வா, சில்லமே ஆகிய நகரங்கள் தன்னாட்சி கேட்டு வாக்கெடுப்பு நடத்தின. நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. ஐரோப்பிய அமைதி அமைப்பின் சிறுபான்மையோர் நலத் தூதரான மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் இரு தரப்பாருடனும் பேசினார். நகரங்கள் தீர்ப்பை ஏற்றன. அவ்வாண்டின் உள்ளாட்சித் தேர்தலில் குடியுரிமை பெறாதோருக்கும் வாக்குரிமை இருந்தது. 1994 ஆகஸ்டு 31-ஆம் நாளுக்குள் ருஷியப் படைகள் வெளியேறின. ஆண்டுகள் செல்லச் செல்லப் பலர் மொழி கற்றுக் குடிமக்களாயினர். 2020-ஆம் ஆண்டளவில் குடியுரிமை உறுதியாகாதோர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைந்துவிட்டனர். ஆயினும் நார்வா நகரில் தலைமுறை தலைமுறையாய்ப் பல்லாயிரவருக்குச் சோறிட்ட கிரென்ஹோம் நூற்பாலை 2010-இல் நொடித்துப்போயிற்று. அத்தகைய ஊரிலே விடுதலையின் பொருள் என்னவென்று கேட்டால், தாலினில் கிடைக்கும் விடையே கிடைக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? ஒரு பகுதியின் மக்கள் தம் மண், நீர், மொழி, நினைவு ஆகியவற்றைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை இழக்கும்பொழுது, அந்தக் குறை எத்துணை நாள் மூடிவைக்கப்பட்டாலும் அழிந்துபோவதில்லை. எஸ்தோனியர் அக்குறையைத் தீர்க்கப் படிப்படியாய்ச் சென்றனர், ஒவ்வொரு படியிலும் உண்மையைத் துணைக்கொண்டனர், சினத்தை அடக்கினர். அதனால் வென்றனர். ஆனால் எண்ணிக்கையில் சிறுமைப்பட்டுவிடுவோமோ என்ற அதே அச்சம், விடுதலைக்குப் பின் அவர்களுடைய அண்டை வீட்டாரின் நெஞ்சிலும் குடிபுகுந்தது. அந்த அச்சத்தைப் போக்குவது பாட்டு விழாவைப் போல் ஓர் இரவில் முடியும் வேலையன்று. பள்ளியிலும் நீதிமன்றத்திலும் தொழிற்கூடத்திலும் ஆண்டுக்கணக்கில் செய்யப்பட வேண்டிய வேலை அது. ஐரோப்பாவின் வரைபடத்தை நீங்கள் விரித்துப் பார்க்கும்பொழுது, வடகிழக்கு மூலையில் அச்சிறுநாட்டையும் அதன் எல்லையிலே ஆற்றங்கரையில் நிற்கும் நார்வா நகரையும் சேர்த்தே தேடிக் காணுங்கள்.